கஞ்சிப்பாசியும் அம்மாவின் ஓட்டமும்

என் ஞானஸ்நானத்தன்று எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. கன்னம் உப்பிய ஒரு பெண் அதில் நாற்காலியில் இருப்பாள். மடியில் என்னை வைத்துக்கொண்டு, இனி எழுந்திருக்கப் போவதே இல்லை என்பதுபோல் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். அது அம்மா என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த அம்மா உட்கார மாட்டாள். சோற்றைக்கூடச் சட்டியோடு கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தபடியே தின்பாள். படத்தில் இருப்பது அம்மாவின் சாயலில் உள்ள வேறு யாரோ என்றும், என்னை அவளிடமிருந்து வாங்கி வந்துவிட்டார்கள் என்றும் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாம்பனில் தென்கடல் பக்கம் எங்கள் தெரு. அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போகிறவள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறிப் போவார்கள். கடலுக்கடியில் பாறை இருக்கும் இடமாகப் பார்த்து நங்கூரம் போடுவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கினால், பாறையில் முளைத்திருக்கும் கடற்பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டுதான் மேலே வருவார்கள். மணலில் உலர்த்தி வியாபாரியிடம் போட்டால் அது எந்த ஊருக்கோ போய் ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் கலக்கிறது என்று சொல்லுவார்கள். நாங்கள் ஐஸ்கிரீம் தின்னும்போதெல்லாம் அம்மா எடுத்த பாசி இதில் இருக்குமா என்று நக்கிப் பார்ப்போம்.

அம்மா மாதிரி பாசி எடுக்க ஆளில்லை என்று பெயர். அவள் கால் ஓரிடத்தில் தரிக்காது. மற்றவர்கள் கரைக்கு வந்து கால் நீட்டி வெற்றிலை போடும்போது இவள் பாசியை உலர்த்தி, வீட்டுக்கு வந்து மீன் கழுவி, துணி துவைத்து, துவைத்த துணி போதாதென்று திரைச்சீலையையும் கழற்றித் துவைப்பாள். மார்கழிக் குளிரில் ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். புழுங்குகிறது என்பாள். ரெண்டு ஆள் சோறு தின்பாள்; ஆனால் ரவிக்கை மாதத்துக்கு ஒரு தரம் தொளதொளவென்று ஆகி, பக்கவாட்டில் தையல் போட்டுக்கொண்டே இருப்பாள். அந்தத் தையலும் கோணல் மாணலாகப் போகும், கை நடுங்குவதால். பாசிக்குப் போகிறவள், தண்ணீரில் ஊறி ஊறிக் கை அப்படி ஆகிவிட்டது என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். மெலிவுக்கு வயிற்றுப் பூச்சி என்று பெயர். வேர்வைக்குச் சூட்டு உடம்பு என்று பெயர். தூக்கம் வராததற்கு அப்பா கடலில் இருக்கிறார் என்கிற கவலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு என்ன குறை? சுறுசுறுப்பான அம்மா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் என்னைத் தூக்கிக்கொண்டே ஓடுவாள். அப்பா இல்லாத நாட்களில் அவள் நெஞ்சில் தலைவைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே தடதடவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா போகிற படகின் எஞ்சினும் அப்படித்தான் ஓடும். எல்லா அம்மாக்களுக்கும் உள்ளே ஒரு எஞ்சின் உண்டு, என் அம்மாவுடையது கொஞ்சம் நல்ல எஞ்சின் என்று எண்ணிக்கொண்டு அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவேன்.

கண்ணால்தான் முதலில் வம்பு வந்தது. அம்மாவின் கண்கள் நாளுக்கு நாள் பெரிதாகி, இமை மேலேறி, சும்மா பார்த்தாலே முறைப்பது போல ஆகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அம்மாவும் ஒரே வத்தையில் போகிறவர்கள். எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் சொந்தத்துக்கு மேலே. ஒருநாள் வியாபாரியிடம் பாசி எடை போடும் இடத்தில், என்னை எதுக்கு முறைக்கிறாய் என்று பெரியம்மா கேட்டிருக்கிறாள். நான் எங்கே முறைத்தேன் என்று அம்மா பாய்ந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே. முறைக்கவில்லை என்று சொல்லும்போதும் கண் அப்படியே இருந்ததால் அந்த வார்த்தையை யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வத்தையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். பெரியம்மா உட்கார்ந்தாள், அம்மா நின்றுகொண்டு போயிருப்பாள்.

தை மாதம் முடியும் தறுவாயில் எங்கள் கோயிலில் தொண்டைக்கு மந்திரிக்கும் நாள் ஒன்று வரும். தொண்டை நோயிலிருந்து காக்கும் புனிதர் ஒருவரின் திருநாள் அது. பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நிற்க, சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டி, கவட்டை போல நம் கழுத்தில் இருபக்கமும் பொருந்தும்படி வைத்துச் செபம் சொல்லுவார். பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். எப்படியும் ஒருத்தன் சிரித்து அடி வாங்குவான். அந்த வருடம் நான் சிரிக்காமல் தப்பித்து ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் அம்மா.

மெழுகுவர்த்திகள் அம்மாவின் கழுத்தில் பொருந்தவில்லை. சாமியார் சற்றுத் தூக்கி வைத்தார், இறக்கி வைத்தார். ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் விலகியது. அது மட்டுமில்லை, கழுத்தில் வைத்த மெழுகுவர்த்தி தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. சாமியார் செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, எச்சிலை முழுங்கும்படி மெதுவாகச் சொன்னார். அம்மா முழுங்கினாள். கழுத்தின் நடுவில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியதை நானும் பார்த்தேன். அவர் செபத்தை முடித்து, சிலுவை போட்டு, அதன் பிறகு சொன்னார்: “ஆசீர்வாதம் குடுத்துட்டேம்மா. இத ஒரு டாக்டர்ட்டயும் காட்டிருங்க.”

அப்பா கடலில் இருந்தார். எனவே சித்தப்பா துணைக்கு வந்தார். அப்பாவின் தம்பி. பேருந்து நிறுத்தத்தில் செல்போனுக்குப் பணம் ஏற்றும் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் முதன்முதலில் பெரிய திரை வைத்த போன் வாங்கியவர் என்பதால், எந்த விஷயமானாலும் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார். அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு ராமநாதபுரம் பேருந்தில் ஏறினார். பாலத்தின் மீது வண்டி ஊர்ந்தபோது அம்மா எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். எட்டிப் பார்த்தால் வண்டி வேகமாகப் போய்விடும் என்பதுபோல.

டாக்டரம்மா வயதானவர் இல்லை, ஆனால் நிதானமானவர். அம்மாவின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் பதறியது, மின்விசிறிக் காற்றில் பதறுவதாக நினைத்து நான் மேலே பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை. நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பின்னால் நின்றுகொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்தார். புழுக்கம் உண்டா, பசி உண்டா, தூக்கம் உண்டா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். பிறகு அதே தாளில் படம் வரைந்து காட்டினார். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு சுரப்பி. தைராய்டு என்று பெயர். உடம்பு என்ன வேகத்தில் ஓடவேண்டும் என்று சொல்வது அதுதான். நெஞ்சு எத்தனை வேகத்தில் அடிக்கவேண்டும், தின்ற சோறு எத்தனை வேகத்தில் எரியவேண்டும், சூடா குளிரா, கோபமா அமைதியா, எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. சிலருக்கு அது சோம்பிப்போகும். அவர்களுக்கு உடம்பு ஊதும், குளிர் தாங்காது, முடி கொட்டும், எந்நேரமும் அசதியாக இருக்கும். நிறையப் பேருக்கு வருவது அதுதான். அம்மாவுக்கு நேர்மாறு: சுரப்பி ஓயாமல் சுரந்து தள்ளுகிறது.

இவ்வளவும் சொன்னார். கேட்டது யார்? சித்தப்பா தன் போனில் யாருக்கோ பணம் ஏறவில்லை என்று வெளியே போய்க் கத்திக்கொண்டிருந்தார். அம்மா பாதிப் பேச்சில் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன், ஆனால் வண்ணத்துப்பூச்சியைத் தாண்டி எனக்கு எதுவும் ஏறவில்லை. அம்மாவின் தொண்டைக்குள் நிஜமாகவே ஒன்று சிறகடிக்கிறது, அதனால்தான் மெழுகுவர்த்தி துடித்தது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரத்தம் எடுத்தார்கள். சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை, நெஞ்சுத் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை. தீரும் முன் திரும்ப வரவேண்டும். நெஞ்சு அடங்கும் வரை கடலில் முங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மட்டும் அம்மாவின் காதில் விழுந்தது. முங்காமல் எப்படி என்று கேட்டாள். உயிரோடு இருந்தால் அப்புறம் முங்கலாம் என்றார் டாக்டரம்மா.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருந்தது, சீட்டில் எழுதியிருந்த தைராய்டு என்ற வார்த்தை. அது போதும் அவருக்கு. திரும்பி வரும் வழி முழுக்க போனில் தேடினார். உச்சிப்புளி தாண்டும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் படம் பிடித்துப் போட்டிருந்தாராம். தைராய்டு எதனால் வருகிறது? அயோடின் பற்றாக்குறையால். அயோடின் எதில் இருக்கிறது? மலைநாட்டுக்காரர்கள் ஏங்கித் தவிக்கும் அந்தச் சத்து கடற்பாசியில் கொட்டிக் கிடக்கிறது. சித்தப்பா போனை அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“மதினி, மருந்து நம்ம வாசல்ல கெடக்கு. நாம கோட்டிப்பய மாதிரி ராம்நாட்டுக்கு பஸ் ஏறிட்டு வாரோம்.”

இப்படி ஒரு தப்பை எங்கள் ஊரில்தான் செய்ய முடியும். மதுரையிலோ திருச்சியிலோ இருந்திருந்தால் கடைக்குப் போய்த் தேடியிருப்போம், கிடைக்காமல் விட்டிருப்போம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாக்கில் கட்டி வைத்திருந்தது அது. அதிலும் கஞ்சிப்பாசி என்று ஒரு வகை உண்டு. வெயிலில் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி வெயிலில் போட்டால் வெள்ளை வெளேரென்று ஆகும். அதைக் கொதிக்கவிட்டு வடித்து, தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்தால் கொழகொழவென்று ஒரு கஞ்சி. எங்களுக்கு அது உடம்பு தேற்றும் பண்டம். அதுவே மருந்து என்று செல்போனும் சொன்னபிறகு கேட்கவேண்டுமா? பாசிக்காரிக்கு வந்த நோய்க்குப் பாசியே மருந்து என்று தெரு முழுக்கப் பெருமை. தெருக்கோடியிலிருந்துகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கண் பெரிதானதும் கோபம் வந்ததும் நோயால்தான் என்று சித்தப்பா போனைப் பார்த்துச் சொல்லித் தெரிந்துகொண்டதும், கையில் தூக்குவாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாதக்கணக்கில் பேசாதவள். உள்ளே வருவதா வேண்டாமா என்று ஒரு காலை நிலைப்படியில் வைத்துக்கொண்டு, “முறைச்சது நீ இல்ல, நோயின்னு எனக்குத் தெரியாமப் போச்சேடி” என்றாள். அம்மா தூக்குவாளியை வாங்கி, நின்றபடியே முழுவதையும் குடித்தாள். அவ்வளவுதான் சமாதானம். அதன் பிறகு பெரியம்மா தினமும் காலையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். தன் கையால் எடுத்து, தன் கையால் வெளுக்கவைத்த பாசி. இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி எடுத்தது. எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும். நோய் வந்தால் இப்படி அல்லவா வரவேண்டும் என்று இருந்தது எனக்கு.

மாத்திரை தீர்ந்தது. கஞ்சி தீரவில்லை. கரைக்கு வந்த அப்பா, மறுபடி டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டார்தான். சித்தப்பா போனை எடுத்துக் காட்டினார். அப்பாவுக்குக் காற்றைப் பார்த்துக் கடலைச் சொல்லத் தெரியும். போனில் ஓடும் படத்தோடு வாதாடத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு மறுநாள் கடலுக்குப் போனார்.

அம்மாவின் ஓட்டம் இன்னும் கூடியது. வீட்டைக் கழுவிவிட்டுத் தெருவைக் கழுவினாள். தலையைப் பின்னிவிடும்போது கை நடுங்கி என் பின்னல் பாதியில் அவிழும்; அதற்கும் என் தலையில்தான் குட்டு விழும். படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பிடித்த கையை எடுத்துவிட்டு ஓடுவாள். அமாவாசை வந்தது. கடலில் பாசி எடுக்கும் நாட்கள். போகாதே என்று பெரியம்மா சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

“சும்மா ஒக்காந்தா நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்குக்கா. தண்ணிக்குள்ள போனாத்தான் அடங்கும். நான் வாரேன்.”

பள்ளிக்கூடம் இல்லாத நாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் வத்தையில் ஏறிவிட்டேன். தென்கடல் அன்று கண்ணாடி போலக் கிடந்தது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவள் முங்கும்போது நானும் மேலே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். யார் முதலில் மூச்சு விடுகிறார்கள் என்று பந்தயம். ஒருநாளும் நான் ஜெயித்ததில்லை. நான் தோற்று, மூச்சு வாங்கி, அதை மறந்து, மீன் கொத்தும் பறவையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அவள் தலை வெளியே வரும்.

அன்றைக்கு நான் ஜெயித்தேன். முதல் முங்கலிலேயே ஜெயித்தேன். என் கன்னம் உப்பி முடிப்பதற்குள் அம்மா மேலே வந்துவிட்டாள். அடுத்த தரமும் நானே. அதற்கடுத்ததும். நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். வத்தையின் விளிம்பைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா மறுபடி வெளியே வந்தபோது விளிம்பை அவளும் பிடித்தாள். ஆனால் பிடி நிற்கவில்லை. விரல்கள் பலகையில் படபடவென்று அடித்துக்கொண்டன. உதடு வெளுத்திருந்தது. கண்ணாடிக்குள் அந்தப் பெரிய கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் என்னைத்தான் பார்த்தன என்று சொல்ல முடியாது. “நெஞ்சு நிக்க மாட்டேங்குது” என்றாள். சொல்லிவிட்டு விளிம்பை விட்டுவிட்டாள்.

பெரியம்மா எப்படி வந்தாள் என்று தெரியாது. தள்ளி எங்கோ முங்கிக்கொண்டிருந்தவள், அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். மற்ற பெண்கள் ரவிக்கையைப் பற்றித் தூக்கி வத்தைக்குள் கிடத்தினார்கள். அம்மா மூச்சு வாங்கியபடி கிடந்தாள். கழுத்தில் அந்த இடம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. என் அம்மா செத்துப்போவாளா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவள் துடுப்பை வாங்கிக்கொண்டு தானே வலிக்க ஆரம்பித்தாள்.

ராமநாதபுரத்தில் அதே டாக்டரம்மா. அம்மாவைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஊசி போட்டார்கள். அன்று முழுதும் எங்களை உள்ளே விடவில்லை. நான் ஆஸ்பத்திரி நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார் என்று சித்தப்பா அதட்டினார், என்னால் முடியவில்லை. அம்மா உள்ளே படுத்திருக்கிறாள், யாராவது ஒருத்தர் நடக்கவேண்டும் என்பதுபோல ஏதோ ஒன்று என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை உள்ளே விட்டபோது பெரியம்மாவும் வந்து சேர்ந்தாள். கையில் தூக்குவாளி. விடிவதற்கு முன்பே எழுந்து காய்ச்சிக்கொண்டு, முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறாள்.

டாக்டரம்மா மாத்திரை ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இயற்கையாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பாசிக் கஞ்சிதான், அயோடின் நிறைய உள்ளது என்று விளக்கினார். டாக்டரம்மாவின் பேனா நின்றது. எழுந்து வந்து, பெரியம்மாவின் கையிலிருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“தினமும் இதையா குடுத்தீங்க?”

பெரியம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். நல்ல பாசி என்றும் சொன்னாள்.

“அயோடின் இல்லாம வர்ற நோய் வேற. இவங்களுக்கு அடுப்பு ஏற்கனவே கொழுந்துவிட்டு எரியுது. நீங்க தினமும் விறகு வச்சிருக்கீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போயிருந்தா நெஞ்சு தாங்கியிருக்காது.”

திட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சித்தப்பாவுக்கு மேலே சுழன்ற மின்விசிறியில் திடீரென்று நிரம்ப அக்கறை வந்துவிட்டது. போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. பெரியம்மா மூடியை வாங்கித் தூக்குவாளியை மூடினாள். சரியாக மூடவில்லையோ என்று மறுபடி திறந்து மூடினாள். வெளியே போனாள். திரும்பி வந்தபோது தூக்குவாளி காலியாக, கழுவியிருந்தது. அவ்வளவு நல்ல கஞ்சியை எனக்குக்கூட ஒரு வாய் தராமல் கொட்டிவிட்டாளே என்று எனக்கு வருத்தம். பசியாகவும் இருந்தது.

அம்மா பிழைத்தாள். அதைச் சொல்லிவிடுகிறேன், மனது கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். இன்றும் இருக்கிறாள், அவ்வப்போது இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள், டாக்டர் சரியென்று சொன்னபிறகு நெடுநாள் பாசிக்கும் போனாள். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பி வந்த அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், தரையில் உட்கார்ந்தாள், சோறு தின்னும்போது உட்கார்ந்தாள். வாரங்கள் போகப்போகக் கன்னம் மெல்ல உப்பியது. கண் இறங்கியது. தலை பின்னிவிடும்போது பின்னல் அவிழவில்லை. ஆனால் அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அவ்வளவு மெதுவாகப் பின்னினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் நடந்து போ என்றாள். திரைச்சீலைகளில் தூசி படிந்தது. சுவரிலிருந்த படத்துப் பெண் இறங்கி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள், என் அம்மாவை எங்கேயோ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். எரிச்சல். காரணம் இல்லாமல் கதவை உதைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெரியம்மாவும் மாறிவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் நின்று, மாத்திரை போட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்பாள், போய்விடுவாள். அவள் வீட்டில் கஞ்சி காய்ச்சுவது நின்றுபோயிற்று. கஞ்சிப்பாசி வைத்திருந்த சாக்கையும் காணோம். மறுபடி சண்டைபோலும் என்று நினைத்தேன். இந்தத் தரம் அம்மா முறைக்கவில்லையே, ஏன் என்றுதான் விளங்கவில்லை.

ஒரு மத்தியானம். அப்பா கடலில். வெளியே வெயில் கொளுத்தியது. அம்மா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் தூங்குகிறாளே என்று எனக்குக் கோபம், எழுப்பத்தான் போனேன். போனவள் பழக்கதோஷத்தில் அவள் நெஞ்சில் தலையை வைத்தேன்.

எஞ்சின் ஓடவில்லை.

காதை அழுத்தி வைத்தேன். ஒரு அடி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் பயந்து எழப்போகும் நேரத்தில் இன்னொரு அடி. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. டீசல் தீரும்போது படகு இப்படித்தான் விட்டுவிட்டு இருமும், அப்புறம் நின்றுவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குள் எல்லாம் தீர்ந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. என்ன ஊற்றினால் அது ஓடும் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவே சொன்னதுதானே, அந்தக் கஞ்சிதான் விறகு என்று.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பெரியம்மா மீனை அலசிக்கொண்டிருந்தாள். கஞ்சிப்பாசி வேண்டும் என்றேன். அவள் கை அப்படியே நின்றது. எதற்கு என்றாள். அம்மாவுக்கு நெஞ்சு நின்று நின்று அடிக்கிறது, கொஞ்சம் கொடுங்கள், நான் காய்ச்சிக்கொள்கிறேன் என்றேன். அவளிடம் இல்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை; ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பானைகளின் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

பெரியம்மா ஈரக் கையோடு ஓடினாள். அத்தனை நாள் தாண்டாத எங்கள் நிலைப்படியைத் தாண்டினாள். பாயின் பக்கத்தில் மண்டியிட்டு, அம்மாவின் நெஞ்சில் காதை வைத்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கேட்டாள். என்னால் அதற்கு மேல் மூச்சைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் தலையைப் பிடித்து இழுத்து, மீன் வாடை வீசும் தன் நெஞ்சில் என் காதை வைத்து அழுத்தினாள். ஓடி வந்ததில் முதலில் படபடவென்றுதான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு அடி. ஒரு இடைவெளி. ஒரு அடி.

“கேட்டியா? எனக்கும் இப்பிடித்தான், ஒனக்கும் இப்பிடித்தான். ஒங்கம்மாளுக்கு இப்பத்தான் நம்மள மாதிரி அடிக்குது ஆத்தா.”

நான் சந்தேகத்தோடு அம்மாவைப் பார்த்தேன். இவ்வளவு அமளியிலும் அவள் விழிக்கவில்லை. எறும்பு ஊர்ந்தாலும் எழுந்துவிடுகிறவள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, உலகம் தெரியாமல் தூங்கினாள். எழுப்பிக் கேட்டால்தான் நிம்மதி என்று கையை நீட்டினேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுப்பாத. தூங்கட்டும்” என்றாள். சொன்னவள் அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள்கள் குலுங்கின. நல்லாத்தான் அடிக்கிறது என்று அவளே சொல்லிவிட்டு எதற்கு இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்டதை இல்லையென்று சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டு, “பரவால்ல பெரியம்மா, பாசி வேணாம்” என்றேன்.

அவள் இன்னும் அழுதாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியாமல், அம்மா விழித்துவிடாதபடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.